கோயில் காளைக்குப் பிறந்த கன்றுகள்

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம், சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எருமை ரோட்டில் நடந்த சம்பவம் இது. மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிர்வரிசையில் ஒரு கடைவீட்டின் மாடியில் நான் குடியிருந்தேன். சொந்த ஊர் நாகப்பட்டினம். சுகாதார அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன்.

மாடு வைத்துக்கொள்ள உரிமம், கொட்டகைக்குக் கூரை மாற்ற அனுமதி, சாணம் அள்ளும் நேரம், செத்த மாட்டைப் புதைக்கச் சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள நடைமுறை எனக்கு மனப்பாடம். அவற்றில் பாதி, அதிகாரிகள் தாங்களே எழுதியதாக நினைத்துக்கொண்டு கையெழுத்திட்டவை; எழுதியவன் நான். ஓய்வு பெற்றபின் இந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்திருந்தது. நான் வேலையை விட்ட வாரத்திலேயே என் வீட்டு மாடிப்படி ஒரு கிளை அலுவலகமாக மாறிவிட்டது. சம்பளம் மட்டும் இல்லை.

ஒரு நாள் காலையில் எதிர்க் கொட்டகைப் பால்காரர் தன் மனைவியுடன் படியேறி வந்தார். பால்காரர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அந்த அம்மாள் பேசுவார்.

“பாய், எங்க மாட்டையெல்லாம் புடிச்சிட்டுப் போயி சுடப்போறாங்களாம். நீங்க காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க.”

காப்பியை வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டேன். அவர்கள் கொட்டகையில் முந்தின வருடம் ஒரு கன்று கண் தெரியாமல் பிறந்தது. இப்போது வேறொரு பசு ஈன்ற கன்றுக்கும் இரண்டு கண்ணிலும் பூ. பால் வாங்கும் வீட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அந்தப் பாலைக் குடித்தால் பிள்ளைகளுக்குக் கண் போய்விடும் என்று பேச்சுப் பரவி, சுகாதார இன்ஸ்பெக்டர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் வந்து பார்த்தார். ஒரே கொட்டகையில் இரண்டு கன்று என்றால் தொற்றுநோய்தான் என்று முடிவு கட்டினார். தொற்றுநோய் கண்ட கொட்டகையில் உள்ள மாடுகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி அழிக்க வேண்டும் என்பது விதி. வரும் வெள்ளிக்கிழமை காலையில் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்ல. சில வருடங்களுக்கு முன்பு வெக்கை நோய் வந்து கொட்டகை கொட்டகையாக மாடுகள் விழுந்ததை அவர் பார்த்தவர். பயந்த மனிதரின் கையில் விதியைக் கொடுத்தால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான்.

“அந்த விதியில கடைசியில ஒரு வரி இருக்கு,” என்றேன். “மாட்டுக்காரர் கேட்டுக்கிட்டா, அழிக்கிறதுக்கு முன்னாடி மாட்டு வைத்தியர் வந்து பாக்கணும்.”

“இத்தனை வருஷத்துல யாரும் அப்படிக் கேட்டதில்லையே?”

“யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் கடைசியில போட்டிருக்கு.”

அன்றே மனு எழுதிக் கொடுத்தேன். அது போன வேகத்தில் வைத்தியரும் வந்துவிட்டார். காரணம், அவர் இந்த ஊருக்குப் புதிது. மனுக்களை எப்படித் தாமதப்படுத்துவது என்று அவருக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இளவயது வெள்ளைக்காரர். தமிழ் தெரியாததால் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

அவர் முதலில் கன்றின் இமைகளை விரித்துப் பார்த்தார். சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை, பீளை இல்லை. பிறகு கொட்டகையின் இருட்டு மூலைக்கு அதைக் கொண்டுபோகச் சொல்லி, ஒரு மெழுகுவர்த்தியை முகத்துக்கு நேரே இப்படியும் அப்படியும் நகர்த்தினார். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கியது. ஆனால் கன்று சுடரின் பக்கம் திரும்பவில்லை. அது வேறெங்கோ, பால்காரம்மாளின் வளையல் சத்தம் வந்த திசையில் காதைத் திருப்பிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு உள்ளே, கருமணிக்குப் பின்னால், ஒரு சொட்டுப் பால் உறைந்ததுபோல வெள்ளையாக இருந்தது.

“வெளியே நோய் எதுவும் இல்லை. பிறக்கும்போதே உள்ளே இருந்திருக்கிறது,” என்றார் வைத்தியர். பிறகு தாய்ப் பசுக்களைக் காட்டச் சொன்னார்.

அங்கே இரண்டு வகை மாடுகள் இருந்தன. இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவற்றைக் கப்பல் மாடு என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவற்றைத் தீவு மாடு என்பார்கள். கண் தெரியாத கன்று ஈன்ற பசுக்கள் இரண்டுமே தீவு மாடுகள். அவற்றுக்கு நடுவே கழுத்தோடு கழுத்தாகக் கட்டியிருந்த கப்பல் மாடுகள் ஈன்ற கன்றுகள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. தொற்றுநோய் கப்பல் மாட்டை மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகுமா என்று வைத்தியர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியை நான் யாரும் கேட்காமலே தமிழில் சொன்னேன்.

“இந்தக் கன்றுகளுக்குத் தகப்பன் யார்?” என்று அடுத்ததாகக் கேட்டார்.

அம்மாள் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். பேசாத பால்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ரோட்டோரத்தில், அன்னாசித் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய தோல் குவியலில் வாய் வைத்துக்கொண்டு ஒரு காளை நின்றது. வெள்ளை உடம்பு, மலைபோல் திமில், பளபளக்கும் கண்கள், தொடையில் சூலக்குறி. கோயில் காளை.

அந்தக் காளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் இருந்த பெரிய கொட்டகை, பால்காரர்களுக்கெல்லாம் தலைவர் போல இருந்த ஒருவருடையது. எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே அழைப்பார்கள். அவருக்கு ஒரே மகன். கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டான். மகன் பெயரால் பெரியவர் ஒரு இளங்காளையை அம்மனுக்கு நேர்ந்து, குறி போட்டு அவிழ்த்துவிட்டார். அப்படி விட்ட காளையை யாரும் கட்டக்கூடாது, விற்கக்கூடாது, காயடிக்கக்கூடாது. அது போகிற இடத்தில் தின்னும். தெருவில் உள்ள பசுக்களுக்கெல்லாம் அதுவே காளை. கூலி கிடையாது. அதற்குப் பிறந்த கன்றை அம்மன் தந்த வரக் கன்று என்று சொல்லி மஞ்சள் பூசுவார்கள். அது பிறந்த வீட்டுக்குப் பெரியவர் வெற்றிலை பாக்கோடு போய், கன்றைத் தடவிவிட்டு வருவார். மகனுக்குப் பிறக்காத பிள்ளைகளை அவர் அப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வைத்தியர் ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து விளக்கினார். சில காலம் முன்பு ஐரோப்பாவில் ஒரு பாதிரியார் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டுபிடித்த விஷயமாம். ஒவ்வொரு குணத்துக்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கு, தாயிடமிருந்து ஒரு பங்கு என்று இரண்டு பங்கு வாங்கிக்கொண்டுதான் எதுவும் பிறக்கிறது. ஒரு பங்கு பழுதாக இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பங்கும் பழுதாக வந்து சேர்ந்தால்தான் குறை தெரியும்.

“பட்டாணிக்கும் பசுவுக்கும் என்ன பாய் சம்பந்தம்?” என்றார் அம்மாள். “தொரை வெயில்ல வந்தாரா?”

நான் மறுபடியும் நிதானமாகச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

“எங்க ஊர்ல ஒரு வீட்டுல மாமன் மகளையே கட்டிக்கட்டி, மூணு புள்ளைங்க வாய் பேசாம பொறந்துச்சு. பெத்தவங்க ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் பேச்சு வரும். அந்த மாதிரிங்கறாரா?” கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். “அப்போ அந்த ரெண்டு தீவுப் பசுவும் இந்தக் காளைக்கே பொறந்ததுங்க. மறுபடி அதுகிட்டயே…” முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாய் பேசாத பிள்ளைகளைப் பற்றிய வரியை நான் வைத்தியருக்கு உடனே மொழிபெயர்க்கவில்லை. எங்கள் குடும்பத்திலும் பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்தான் கல்யாணம். நாகப்பட்டினத்தில் என் தம்பி மகன், மீசை முளைத்த வாலிபன், பிறவியிலேயே காது கேட்காதவன். விருந்தாளிகள் வந்தால் அவனைப் பின்கட்டில் இருக்கச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

“ஊர்ல ஒரு காளை பத்துக் கிராமம் சுத்தும்,” என்றார் பால்காரர் திடீரென்று. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். “இங்க அதுக்கு ஒரு ரோடுதான்.”

வைத்தியர் அதை மிகவும் ரசித்தார். ஆனால் அவர் நேர்மையான மனிதர். “பட்டாணியில் நிரூபித்திருக்கிறார்கள். மாட்டுக் கண்ணிலும் அப்படித்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இந்த ஒரு கொட்டகையை மட்டும் காட்டினால் இன்ஸ்பெக்டர் தொற்று என்றுதான் சொல்வார். மற்றக் கொட்டகைகளிலும் இந்தக் காளையின் மகள்களுக்கு மட்டும் இப்படிப் பிறந்திருந்தால், வெள்ளிக்கிழமை நான் உறுதியாகக் கையெழுத்துப் போடுவேன்,” என்றார்.

நானும் அம்மாளும் கொட்டகை கொட்டகையாகப் போனோம். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். கண் தெரியாத கன்று என்ற பேச்சை எடுத்ததும் ஒரே பதில்.

“நம்ம கொட்டாயிலயா? அப்படி ஒண்ணு பொறந்ததே இல்லீங்க.”

ஒருவர் இதைச் சொன்னபோது அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். இன்னொருவர், “இருந்தாலும் உங்ககிட்ட சொல்லுவமா பாய்? நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்க இன்ஸ்பெக்டர் ஆகலையே,” என்று சிரித்தார். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் மாடு போகும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் நடைமுறைதான்.

மிச்சம் இருந்தது தெருக்கோடிப் பெரிய கொட்டகை. அந்தத் திருப்பத்தில் அம்மாள் நின்றுவிட்டார்.

“அங்க வேணாம் பாய்.”

“ஏன் தங்கச்சி? அவர் ஒரு வார்த்தை சொன்னா மத்தவங்க எல்லாரும் சொல்லிடுவாங்க.”

“நாங்க கப்பல்ல வந்து எறங்குனப்போ எங்களுக்கு முதல் மாடு குடுத்தவர் அவர். செத்த மகன் பேர்ல விட்ட காளைய, குருட்டுக் கன்னு போடுதுன்னு அவர் மூஞ்சிக்கு நேரா நான் சொல்லணுமா? மாடு போனாப் போவுது.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மாடு போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. இதை என்னைவிட அவர் நன்றாக அறிந்தவர். நானாகப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். கோயில் காளையைப் பற்றி ஒரு முஸ்லிம் போய் அப்படிச் சொல்வது நன்றாக இருக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. அதற்கு எந்த விதியிலும் வழிமுறை எழுதப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் ஆட்களோடும் கயிறுகளோடும் வந்தார். வைத்தியரும் வந்தார். தெருவில் இருந்த பால்காரர்கள் எல்லாரும் எதிர் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வைத்தியர் தன் கருத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்ல விளக்கம். ஆனால் வேறு கொட்டகையில் இப்படி ஒரு கன்றாவது உண்டா?” என்று கேட்டார். வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் எதிர் நடைபாதையைப் பார்த்தேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஆட்கள் முதல் மாட்டின் கயிற்றை அவிழ்த்தார்கள். அம்மாள் அழவில்லை. அந்தப் பசுவின் நெற்றியில் இருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

அப்போது தெருக்கோடியிலிருந்து பெரியவர் நடந்து வந்தார். பக்கத்தில் ஒரு கிடாரி. கயிறு இல்லை. அவர் கை மட்டும் அதன் கழுத்தில் இருந்தது. வளர்ந்த கிடாரி, நெய் பூசியதுபோல உடம்பு, இரண்டு கண்ணிலும் வெள்ளை. தெருவில் ஒருவருமே அதை அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவர் கொட்டகையின் பின்பக்கத்தில் ஒரு தடுப்புக்குப் பின்னால் வைத்து, தன் கையாலேயே தீனி கொடுத்து வளர்த்திருக்கிறார். வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் ஓடுகிற ரோட்டில் அது தயங்காமல் நடந்து வந்தது. அவர் இருமினால் நின்றது. அவர் நகர்ந்தால் நகர்ந்தது.

பெரியவர் என் எதிரில் வந்து நின்றார். “கிராணியாரே, நான் சொல்றத அப்படியே தொரைகிட்ட சொல்லுங்க. கூட்ட வேணாம், குறைக்க வேணாம்.”

சரி என்றேன்.

“இது என் கொட்டாய்ல பொறந்தது. தாய் அந்தக் காளையோட மக. தகப்பனும் அந்தக் காளைதான். காளைய விட்டது நான். என் மகன் பேர்ல விட்டேன். இவங்க கொட்டாய் இந்தக் கோடி, என் கொட்டாய் அந்தக் கோடி. என் மாடும் இவங்க மாடும் ஒரு தொட்டியில தண்ணி குடிச்சதில்ல. நோவு ரோட்டத் தாண்டி வந்துச்சா, ரத்தத்துல வந்துச்சான்னு அவங்களே பாத்துக்கட்டும்.”

நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ‘என் மகன் பேரில்’ என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

பிறகு எதிர் நடைபாதையில் ஒருவர், “நம்மகிட்டயும் ஒண்ணு பொறந்துச்சுங்க, போன மழைக்காலத்துல. தீவுப் பசு,” என்றார். அடுத்தவர், “நமக்கும்,” என்றார். அன்று புருஷன் இல்லை என்றபோது எழுந்து உள்ளே போன அந்தப் பெண், தன் புருஷனை முழங்கையால் இடித்தார். அவரும் சொன்னார். எல்லாமே காளையின் மகள்கள். கப்பல் மாடு ஒன்றுகூட இல்லை.

வைத்தியர் கிடாரியின் கண்ணைப் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெரியவருக்குத் தலை வணங்கினார். இன்ஸ்பெக்டர் ஆட்களிடம் கயிற்றை மறுபடி கட்டச் சொன்னார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருக்கும் மாடு கொல்வதில் ஆசை இருந்திருக்காது.

காளையை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. விற்க முடியாது, வெட்ட முடியாது, காயடிக்கவும் முடியாது. தெருவில் விட்டால் மகள்களிடம் போகும். கடைசியில் கோயில் வளாகத்திலேயே உயரமான வேலி போட்டு, தனி நிழல், தனித் தொட்டி, தனி ஆள் என்று ஏற்பாடு செய்தார்கள். கட்டக்கூடாது என்றுதான் வழக்கம். வேலி போடக்கூடாது என்று வழக்கத்தில் இல்லை. இந்த நுணுக்கத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து கற்ற வித்தை ஒருமுறையாவது நல்லதுக்குப் பயன்பட்டது. “நம்ம காளை சந்நியாசம் வாங்கிடுச்சு,” என்று பால்காரம்மாள் சொல்லிச் சிரித்தார். மகள்களுக்கு வேறு காளையைச் சேர்க்கச் சொன்னார் வைத்தியர். தெருவே சேர்ந்து கப்பலில் ஒரு புதுக் காளையை வரவழைத்தது. பால்காரம்மாளின் குருட்டுக் கன்று அவர் வளையல் சத்தத்தின் பின்னாலேயே வளர்ந்தது.

சில நாள் கழித்துப் பெரியவரைக் கோயில் வேலி ஓரத்தில் பார்த்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காளையின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, அது தெரிந்தா கொடுத்தது என்று ஏதோ சொன்னேன்.

அவர் காளையைப் பார்த்தபடியே, “குத்தம்னு யாரு சொன்னா கிராணியாரே? கண்ணு தெரியல, அவ்வளவுதானே,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஒளிச்சு வச்சதுதான் எனக்குப் பாரமா இருந்துச்சு. அன்னைக்கு ரோட்டுல கூட்டிட்டு வந்தேன் பாருங்க, அது எவ்வளவு நல்லா நடந்துச்சு,” என்றார்.

அடுத்த வருடம் நான் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் விருந்தாளிகள் வந்தார்கள். வழக்கம்போல என் தம்பி மகன் தானாகவே எழுந்து பின்கட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே போய் அவன் தோளில் கை வைத்து முன்கூடத்துக்கு அழைத்து வந்து, என் பக்கத்தில் உட்கார வைத்து, “இவன் என் தம்பி மகன், காது கேட்காது,” என்று சொன்னேன். விருந்தாளிகள் தலையசைத்துவிட்டு அவனுக்கும் ஒரு தட்டு நகர்த்தினார்கள். பெரியவர் இப்போது இல்லை. ஆனால் யாராவது தங்கள் வீட்டுக் குறையைப் பற்றி என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசும்போதெல்லாம், பட்டப்பகலில் எருமை ரோட்டில் கழுத்தில் ஒரு கையோடு தயங்காமல் நடந்து வந்த அந்தக் கிடாரி என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.